கூடுதல் விளக்குகள் இரண்டு

நவம்பர் 3, திங்கள்

வண்டி ஓடியிருப்பது 2,114 கி.மீ. வீட்டிலிருந்து கிளம்பியது 4.02. டெப்போ சேர்ந்தது 4.31. பதினொரு கிலோமீட்டருக்கு இருபத்தொன்பது நிமிடம். பழைய வண்டியில் பத்தொன்பது நிமிடம்தான் ஆகும்.

இந்தப் புது மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட்டில் ஏதோ ஏமாற்று இருக்கிறது. திரையில் எல்லாம் வருகிறது. எந்த கியர், எத்தனை மைலேஜ், போனில் கூப்பிடுவது யார் என்பதுவரை வருகிறது. சாலை மட்டும் வரவில்லை. அரிசி ஆலைக்கு முன்னால் உள்ள வேகத்தடை இன்றும் தெரியவில்லை. வண்டி தூக்கிப் போட்டதில் தூக்குச்சட்டி திறந்து ரசம் கொட்டிவிட்டது.

போன வாரமே ஷோரூமில் சொன்னேன். அங்கிருந்த ஆள் விளக்கைச் சுவரில் அடித்துக் காட்டினார். "சார், இது எல்.இ.டி. இந்த மாடல்ல இதுக்கு மேல வெளிச்சம் எவனும் குடுக்கல" என்றார். ஒரு திருகை அரைச் சுற்றுத் திருகி அனுப்பிவிட்டார். நான் திரும்பியதும் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். கடையில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு ஒரு விளக்கும் விற்கும் வண்டிக்கு வேறு விளக்கும் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு வெளிச்சம் அவசியம். 4.50-க்கு மலைக்குப் போகும் முதல் பஸ் என்னுடையது. இருபத்தேழு வருடத்தில் அதை ஒரு நாள்கூடத் தாமதமாக எடுத்ததில்லை. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதுவரையும் அப்படித்தான்.

நவம்பர் 5, புதன்

டூட்டி முடிந்து ஜெய்லானியின் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. கூடுதலாக இரண்டு விளக்குகள் மாட்டச் சொன்னேன். ஹெட்லைட் வயரிலேயே ஒட்டுப் போட்டால் போதுமே என்றதற்குத் தலையில் கை வைத்தான்.

"மாயண்ணே, அது அந்தக் காலத்து வண்டி. இதுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் உக்காந்துருக்கு. மாமியா மாதிரி. ஒரு வயர்ல ரெண்டு ஆம்பியர் கூடப் போனாப் போதும், எதுக்கு, யாருக்குன்னு கேக்கும். பதில் சொல்லலேன்னா லைன கட் பண்ணிரும்."

முழு வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். யாரையும் நம்பி வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவன் இல்லை நான். பேட்டரியிலிருந்து தனியாக ஒரு வயர். அதில் பத்து ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து ரிலே என்ற ஓர் அங்குலக் கறுப்புக் கட்டி. அதற்கு நான்கு கால்கள், ஒவ்வொரு காலின் பக்கத்திலும் ஓர் எண். 30-இல் பேட்டரி வயர். 87-இல் விளக்குகள். 85-இல் எர்த். 86-இல் கைப்பிடியில் உள்ள ஸ்விட்ச். ஸ்விட்சுக்கு மட்டும் நம்பர் பிளேட் விளக்கின் வயரிலிருந்து துளி மின்சாரம். அந்தத் துளி ரிலேயை எழுப்பும். ரிலே எழுந்ததும் பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்குப் பெரிய மின்சாரம் பாயும். துளிதான் எடுக்கிறோம் என்பதால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது.

நான்கு எண்களையும் இடத்தோடு சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கீழே 30, மேலே 87, வலது 85, இடது 86. எனக்கு ஒன்று மனதில் ஏறினால் இறங்காது.

இந்த வருட டைரியில் கோடே அச்சடிக்கவில்லை. கோடு இருக்கிறது என்கிறாள் சிவனம்மா. அவள் எதற்கும் எதிர்ப்பேச்சுப் பேசுவாள், மனைவி என்றால் அப்படித்தான். ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

பனி இல்லை. கூடுதல் விளக்குகள் பரவாயில்லை. ஆனாலும் முழுத் திருப்தி இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி. கூடுதல் விளக்கைப் போட்டதும் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பிவிட்டது. அணைத்தால் இருட்டு, போட்டால் சுவர். எதிரே வந்த வண்டிகள் எல்லாம் கண்ணைப் பறிக்கும் விளக்குகள் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் நிலாவுக்குக் கோட்டை கட்டியதுபோல் வளையம். ஊர் முழுக்கச் சட்டவிரோத விளக்கு. போலீஸ் என்ன செய்கிறது?

நவம்பர் 8, சனி

ஜெய்லானி இரண்டு விளக்குக்கும் மஞ்சள் மூடி மாட்டிக் கொடுத்தான். பனிக்கு மஞ்சள்தான் என்றான். அப்படியானால் முதலிலேயே ஏன் மாட்டவில்லை?

மாட்டிக்கொண்டே கேட்டான். "அண்ணே, நீங்க கண்ணாடி போடுறதில்லையா?"

"எனக்கு எதுக்குடா கண்ணாடி? போன டிசம்பர் முகாம்லகூட ஆறுக்கு ஆறு."

"சும்மா கேட்டேன்."

சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

டெப்போ பலகையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ஓட்டுநர்களுக்கான வருடாந்திரக் கண் பரிசோதனை டிசம்பர் 2. தவறினால் மாற்றுப்பணி. மாற்றுப்பணி என்றால் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸின் எண்ணை எழுதுவது. சின்னமுனியாண்டி அப்படித்தான் நான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கடக்கும்போது யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அது அவருக்குக் கொடுக்கும் மரியாதை.

எனக்குக் கவலை இல்லை. எங்கள் கிளையில் அந்த எழுத்து அட்டை 2009-இலிருந்து மாறவில்லை. வலது மூலையில் டீக் கறை உள்ள அட்டை. கடைசி வரி எல்லா டிரைவருக்கும் தெரியும். டீ கொண்டுவருபவருக்கும் தெரியும். புதிதாகச் சேர்பவருக்கு ரூட் சொல்லிக் கொடுக்கும்போதே அதையும் சொல்லிக் கொடுத்துவிடுவோம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பஸ் ஓட்டுவது எழுத்தைப் பார்த்து அல்ல, சாலையைப் பார்த்து.

நவம்பர் 13, வியாழன்

மாலை 6.40. சிவனம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் கல்யாண வீட்டுக்குப் போனேன். தோப்பு வளைவில் ஓர் ஆள் குறுக்கே வந்துவிட்டான். கறுப்புச் சட்டை. கையில் விளக்கு கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. கைப்பிடி அவன் தோளில் உரசியது. விழவில்லை. நானும் நிற்கவில்லை. மாலை வேளையில் கறுப்பு உடுத்திக்கொண்டு ரோட்டில் நடப்பவனை என்ன சொல்ல?

சிவனம்மா கல்யாண வீட்டில் சாப்பிடவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

கண்டக்டர் வேதமுத்துவின் நடவடிக்கை மாறியிருக்கிறது. ஒன்பது வருடமாக என்னோடு ஓடுகிறவன். முன்பெல்லாம் டிக்கெட் போட்டு முடித்ததும் பின் சீட்டில் உட்கார்ந்து தூங்குவான். இப்போது அடிவாரம் தாண்டியதும் முன்னால் வந்து என்ஜின் மூடியை ஒட்டி நின்றுகொள்கிறான். வளைவுக்கு வளைவு ஏதாவது சொல்கிறான்.

"அண்ணே, ரெண்டாம் பாலத்துல லாரி நிக்குது. எடது ஓரமா."

"தெரியுதுடா."

"எதுக்க ஜீப்பு வருதுண்ணே. லைட்டு போடாம வாரான், மடப்பய."

"எனக்கு ரோடு சொல்லித் தர்றியா?"

"ஐயோ, ஒங்களுக்கா? பின்னாடி காத்து ஆளக் கொல்லுதுண்ணே. இஞ்சினுகிட்ட சூடா இருக்கு."

போன குளிர்காலத்தில் அவனுக்குக் காற்று அடிக்கவில்லையா? இந்த ரூட்டுக்கு ஆசைப்படும் இளம் டிரைவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மேலாளரிடம் சொல்வதற்காக இவன் என்னை வேவு பார்க்கிறான் என்று சந்தேகம். இனி அவன் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும்.

இன்னொன்று. டைரியில் அடையாளத்துக்கு வைத்திருந்த காலண்டர் அட்டை இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. நான் அப்படி வைக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று நானே சோதித்தேன். டெப்போவிலிருந்து மீட்டர் கடன் வாங்கி வந்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். விளக்கின் முனையில் 13.8. எண்களைச் சிவனம்மாவைப் படிக்கச் சொன்னேன். என் இரண்டு கையும் கம்பியில் இருந்தன, அதனால்.

மின்சாரம் முழுதாகப் போய்ச் சேருகிறது. ஆனால் வெளிச்சம் எட்டவில்லை. இதிலிருந்து ஒன்றுதான் தெரிகிறது. ரிலே நிற்கும்போது சரியாகக் கொடுக்கிறது, ஓடும்போது குறைக்கிறது. ஜெய்லானி மட்டமான ரிலேயைப் போட்டிருக்கிறான்.

டவுனுக்குப் போய் வேறு கடையில் புது ரிலே வாங்கி வந்தேன். பழையதைப் பிடுங்கி நான்கு வயரையும் புதியதில் மாட்டினேன். கீழே 30, மேலே 87, வலது 85, இடது 86. எண்ணைப் பார்க்கவேகூடத் தேவைப்படவில்லை. கடைசி வயரை மாட்டியதும் டிக் என்று ஒரு சத்தம். சாவி போடும் முன்னாலேயே எழுந்துவிட்டது. நல்ல ரிலே.

"ஜெய்லானி தம்பிகிட்டயே ஒரு தடவ காட்டிட்டா என்ன?" என்றாள் சிவனம்மா.

"ஏன், அவனுக்கு நீ வக்கீலா?"

நவம்பர் 17, திங்கள்

விளக்குகள் நூறு மீட்டர் தூரம்கூட எரியவில்லை. சட்டென்று அணைந்தன. திரையில் மஞ்சளாக ஏதோ ஒன்று மின்னியது. சாவியை அணைத்துப் போட்டால் மறுபடியும் எரிகிறது, மறுபடியும் அணைகிறது. நம்பர் பிளேட் விளக்கும் இல்லை.

நான் ரிலேயை மாற்றியது யாருக்கோ தெரிந்திருக்கிறது. டெப்போ ஸ்டாண்டில் வண்டி பத்து மணி நேரம் தனியாக நிற்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

அப்படியேதான். எரிகிறது, அணைகிறது.

நவம்பர் 20, வியாழன்

இருபத்தேழு வருடத்தில் முதல் முறை.

3.58-க்குச் சாவி போட்டேன். திரை ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டுச் செத்துவிட்டது. பேட்டரியில் உயிர் இல்லை. இந்த வண்டியில் உதைக்கும் லீவரும் கிடையாது. தள்ளிப் பார்த்தேன். தெருக்கோடிவரை தள்ளினேன்.

4.40-க்கு வேதமுத்து ஸ்கூட்டரில் வந்து நின்றான். நான் அவனைக் கூப்பிடவில்லை. "மதினி போன் பண்ணுச்சுண்ணே, ஏறுங்க" என்றான். பஸ் 5.04-க்குக் கிளம்பியது. பதினான்கு நிமிடத் தாமதம். எஸ்டேட் ஆட்கள் கேள்வி கேட்கவில்லை. பூக்கூடைக்காரப் பெண் மட்டும் "டிரைவரண்ணே, ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்றாள்.

சாயங்காலம் சிவனம்மாவின் போனை எடுத்துப் பார்க்கச் சொல்லி மருமகனிடம் கொடுத்தேன். என் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னேன். இந்த மாதத்தில் வேதமுத்துவுக்கு ஆறு முறை பேசியிருக்கிறாள். ஜெய்லானிக்கு நான்கு முறை. மூன்று பேரும் சேர்ந்து என்ன செய்கிறார்கள்?

என்னிடம் கண்ணாடி கிடையாது. அவசரத்துக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

வண்டியை வேனில் ஏற்றி ஜெய்லானி கடைக்குக் கொண்டுபோனேன். வண்டியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தை வெளியே விடாமல் நின்றேன். அவனே கண்டுபிடிக்கட்டும், அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் திட்டம்.

சீட்டைக் கழற்றினான். ரிலேயைத் தொட்டான். சாவி இல்லாமலேயே அது சுட்டது. உருவி எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தான்.

"யாருண்ணே இத மாட்டுனது?"

"நான்தான். ஒன்னோடது மட்டம்."

"அந்த நம்பரப் படிங்கண்ணே." ரிலேயை என் கையில் வைத்தான். காலைத் தொட்டுக் காட்டினான். "இது?"

"முப்பது."

"இது?"

"எண்பத்தாறு. மேல எண்பத்தேழு. இந்தப் பக்கம் எண்பத்தஞ்சு. என்னடா, வாத்தியார் வேல பாக்குறியா?"

அவன் சிரிக்கவில்லை. எப்போதும் ஏதாவது நக்கல் அடிப்பவன். தன் பழைய ரிலே மாதிரி ஒன்றை எடுத்து மாட்டினான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தான். கிளம்பும்போது நான் வாங்கிய ரிலேயை என் சட்டைப் பையில் போட்டான்.

"வச்சுக்கங்க. வீட்ல வெயில்ல வச்சு நிதானமாப் பாருங்கண்ணே. அவசரமில்ல."

"என்ன பாக்கணும்?"

"பாருங்களேன்."

எதையோ மறைக்கிறான்.

நவம்பர் 22, சனி

விளக்குகள் அணையவில்லை. எரிகின்றன. எட்டவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

வேதமுத்து இன்று பதினாறு வளைவிலும் முன்னால் நின்றான். குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 27, வியாழன்

கிளம்பியது 4.50. பயணிகள் 38. அடிவாரத்திலிருந்தே கடும் பனி. பஸ்ஸின் முன் விளக்குகளும் சரியில்லை. நேற்று எழுதிக் கொடுத்தேன். மெக்கானிக் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

5.37. ஒன்பதாம் வளைவு தாண்டிச் சோலைப்பிரிவு நிறுத்தம். அங்கே இந்த மாதம் ஆட்கள் ஏறுவதில்லை. மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருந்தேன். வேதமுத்து ஒற்றை விசில் அடித்தான். ஒற்றை விசிலென்றால் நிறுத்து. அதோடு நிற்காமல் என் தோளைப் பிடித்து "அண்ணே! அண்ணே!" என்று கத்தினான். பிரேக் அடித்தேன்.

விசில் தேவையில்லாதது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இறங்கிப் பார்த்தேன். தேயிலைக்குப் போகும் பெண்கள், ரோட்டின் ஓரக் கல்லுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நின்றிருந்தார்கள். பஸ் நாலடி தள்ளி நின்றதாக வேதமுத்து சொன்னான். பம்பரிலிருந்து அடி வைத்து அளந்தேன். என் செருப்புக்கு இரண்டரை அடி.

ஏழு பேர். எல்லோரும் மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டிருந்தார்கள்.

ஏழாவது ஆள் இடுப்பில் குழந்தை வைத்திருந்தாள். எட்டு.

நவம்பர் 28, வெள்ளி

லீவு. காரணம் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

காலை பத்து மணி வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து ரிலேயைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சிவனம்மாவிடம் போனைக் கொடுத்துக் கால் பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. படத்தை இரண்டு விரலால் விரித்தேன். விரித்துக்கொண்டே போனேன். எண் திரை முழுக்க வந்ததும் படித்தேன்.

கீழே 86. இடது 30.

ஜெய்லானிக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு விதமா வருதுண்ணே. இந்தச் சாதியில முப்பதும் எம்பத்தாறும் எடம் மாறியிருக்கும். நீங்க பழைய எடத்துல மாட்டிட்டீங்க. அதனால ரிலே ராப்பகலா முழிச்சுக்கிட்டே இருந்து பேட்டரியக் குடிச்சிருச்சு. வெளக்குக்கு நம்பர் பிளேட் வயருலருந்து கரண்டு போயிருக்கு. கம்ப்யூட்டர் விடுமா? கட் பண்ணிருச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"ரிலேயப் பத்தியாண்ணே?"

போனை வைத்துவிட்டேன்.

அன்று அவன் கடையில் நான் நான்கு எண்ணும் தப்பில்லாமல் சொன்னேன். இரண்டு தப்பு.

டிசம்பர் 1, திங்கள்

டூட்டிக்குப் போனேன். பனி இல்லை. வேதமுத்துவிடம், "முன்னாலயே நில்லு" என்றேன். "எங்கண்ணே போகப் போறேன்" என்றான்.

டிசம்பர் 2, செவ்வாய்

முகாம் 11 மணிக்கு. ஓய்வறையில் நாற்காலி போட்டு, சுவரில் அட்டை மாட்டியிருந்தார்கள். அதே அட்டை. அதே டீக் கறை. பரிசோதிக்க வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வரிசையில் முப்பத்தொரு டிரைவர்கள். நான் பதினெட்டாவது. முன்னால் இருந்த பதினேழு பேரும் தடங்கல் இல்லாமல் சொன்னார்கள். அவளுக்குச் சந்தோஷம். "உங்க டெப்போல எல்லாருக்கும் நல்ல கண்ணு" என்றாள். வரிசையில் யாரோ இருமினார்கள்.

உட்கார்ந்தேன். இடது கண்ணை மூடச் சொன்னாள். எதிரே வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. மேல் எழுத்து தெரிந்தது. அதற்குக் கீழே எறும்பு. அதற்கும் கீழே எதுவும் இல்லை.

முதல் வரி சொன்னேன். இரண்டாம் வரி சொன்னேன். மூன்று, நான்கு. வாய் தானாக ஓடியது. ஆறாவது வரியில் அவள் குச்சியை வைத்தாள் என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தேன்.

அந்த வரியைச் சொல்லியிருந்தால் அடுத்த டிசம்பர்வரை பஸ் என்னுடையது. கீழே 86, இடது 30 என்பது ஞாபகம் வந்தது. இரண்டரை அடியும் ஞாபகம் வந்தது.

"அம்மா, இத நான் படிக்கல. ஒப்பிக்கிறேன்" என்றேன்.

"என்ன சார்?"

"மனப்பாடம். மொத எழுத்துக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியல."

பின்னால் வரிசை அசைந்தது. "யோவ் மாயா, வாய மூடிட்டு எந்திரிய்யா!" "அண்ணே, ஒங்களுக்குத் தெரியலேன்னா நீங்க போங்கண்ணே, எங்களுக்கு ஏன்ணே வேட்டு வைக்கிறீங்க?" அந்தப் பெண் திரும்பி வரிசையைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அட்டையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். பையிலிருந்து வேறு ஒன்று எடுத்தாள்.

முடிந்தவர்களையும் திருப்பிக் கூப்பிட்டாள். மொத்தம் ஐந்து பேர் தவறினார்கள், என்னையும் சேர்த்து. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முற்றிவிட்டது. எவ்வளவு நாளாக என்று கேட்டாள்.

"நவம்பர் மூணுலருந்து" என்றேன். என் டைரியில் அப்படித்தான் இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

வாசல் டூட்டி. 4.50-க்கு என் பஸ்ஸை வேறொருவர் எடுத்துப் போனார். வேதமுத்து படியில் நின்று கை அசைத்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராகவும் இருக்கலாம்.

எவரும் என்னோடு பேசவில்லை. நான் மேலாளரின் ஆள் என்றும், முன்கூட்டியே சொல்லிவைத்துச் செய்தது என்றும் பேசிக்கொள்கிறார்கள். டீத் தட்டில் என் கிளாஸ் வரவில்லை. சின்னமுனியாண்டி தன்னுடையதில் பாதி ஊற்றிக் கொடுத்தார். "பழகிரும்யா. இங்க வெயில் மட்டுந்தான் தொந்தரவு" என்றார்.

டிசம்பர் 16, செவ்வாய்

தேனியில் வலது கண் ஆபரேஷன். இருபது நிமிடம். இதை எழுதுவது நான் சொல்லச் சொல்ல மருமகன். அவர் நான் சொல்வதை அப்படியே எழுதுகிறாரா என்று தெரியவில்லை.

ஜனவரி 19, திங்கள்

ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். முப்பத்து நான்கு நாள் ஆகிவிட்டது. இன்று 4.15-க்குக் கிளம்பினேன். வாசல் டூட்டிக்கு அவ்வளவு சீக்கிரம் போக வேண்டியதில்லை. இருந்தாலும் கிளம்பினேன். லேசான பனி. கூடுதல் விளக்குகளைப் போடவில்லை. கம்பெனி கொடுத்த ஹெட்லைட் மட்டும்.

அரிசி ஆலை வேகத்தடை அறுபதடி முன்னாலேயே தெரிந்தது. அதில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். எப்போது போட்டார்கள் என்று ஆலைக் காவலாளியிடம் கேட்டேன். "அது போட்டு ஒரு வருசம் ஆச்சே" என்றார்.

இடது கண் பிப்ரவரியில். மார்ச்சில் மறுபரிசோதனை. புது அட்டையில். பஸ் திரும்பிக் கிடைக்குமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். கூடுதல் விளக்குகளைக் கழற்றிவிடட்டுமா என்று ஜெய்லானி கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் பழைய டைரியை எடுத்தேன். ஷோரூம்காரரைப் பற்றி எழுதியதை அடித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். பக்கம் முழுக்க நீல நிறத்தில் கோடு ஓடுகிறது. என் எழுத்து ஒரு கோட்டிலும் உட்காரவில்லை.

ஓரத்தில் பென்சிலில் சின்ன எழுத்து. சிவனம்மாவின் எழுத்து, சாய்வாக. நவம்பர் 3-லிருந்து இருக்கிறது. டைரியை யாரோ எடுக்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டது சரிதான்.

நவம்பர் 3-க்குப் பக்கத்தில்: "வாயால சொன்னா சண்டை வருது. அதனால இதுல எழுதுறேன். தெரியும்போது படிங்க."

நவம்பர் 13-க்குப் பக்கத்தில்: "கறுப்பு இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நம்ம செல்லையா மாமா. கையில டார்ச் எரிஞ்சது. மறுநாள் போய் நான் மன்னிப்புக் கேட்டேன்."

நவம்பர் 14-க்குப் பக்கத்தில்: "முன்னால நிக்கச் சொன்னது நான்தான். வேதமுத்து தம்பிய வையாதீங்க."

நவம்பர் 27-க்குப் பக்கத்தில் எழுத்து இல்லை. பென்சிலை ஒரே இடத்தில் அழுத்தித் தாள் கிழிந்திருக்கிறது.

அவள் அடுப்படியில் இருந்தாள். டைரியோடு அடுப்படி வாசலில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தாள், என் முகத்தை அல்ல, கையில் இருந்ததை.

"படிச்சுட்டீங்களா?"

"படிச்சேன்."

"எல்லாமா?"

"கிழிஞ்சதத் தவிர."

அவள் திரும்பிக்கொண்டு தோசையைப் புரட்டினாள். நான் புது டைரியைத் திறந்து உட்கார்ந்தேன். இன்றிலிருந்து ஓரத்தில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டு எழுதுகிறேன்.